பேரன் ரோகிணி, பெயர் விளாதிமிர்

இந்த மாதம் பெயர்ப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சுங்கை சிப்புட் முத்திரையோடு வந்திருக்கின்றன. ஒரு பெரியவர் பேரனுக்கு ரஷ்யப் பெயர் வைக்க நினைத்தார். பேச்சு வீட்டைத் தாண்டித் தாமான் (குடியிருப்பு) முழுக்கப் பரவிவிட்டது போலிருக்கிறது. தாத்தா ஒரு கடிதம், அவர் மகள் தனியாக ஒரு கடிதம், அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்று. வந்த வரிசையிலேயே தருகிறோம்.

தோட்டத்துச் சங்கத்தில் இருந்தவன் நான். பேரனுக்கு விளாதிமிர் என்று வைக்க ஆசை. கைப்பேசியில் பேத்தி தேடிப் பார்த்து ஓரிடத்தில் 'உலகை ஆள்பவன்' என்றும், இன்னோரிடத்தில் 'அமைதியின் அரசன்' என்றும் இருப்பதாகச் சொல்கிறாள். எது சரி?
(ஒரு தாத்தா, சுங்கை சிப்புட்)

இரண்டுமே பிறகு ஏற்றிய பொருள், ஐயா. பெயரின் பழைய பொருள் 'ஆட்சியால் பெரியவன்' அல்லது 'ஆட்சியில் பேர்பெற்றவன்'.

முன்பாதியில் சண்டை இல்லை. 'விளத்' என்பது ஆளுதல், கையில் வைத்திருத்தல். ஜெர்மன் மொழியின் 'வால்ட்டன்', ஆங்கிலத்தின் 'வீல்ட்', லத்தீனின் 'வலேரே' எல்லாம் இதற்குத் தூரத்துப் பங்காளிகள். கிழக்கே கடலோரம் 1860இல் எழுந்த விளாதிவஸ்தோக் நகரின் பெயரிலும் இதே துண்டுதான். 'வஸ்தோக்' என்றால் கிழக்கு.

குழப்பம் எல்லாம் பின்பாதியில். இன்று 'மிர்' என்று எழுதுகிறோம். ரஷ்ய மொழியில் அந்தச் சொல்லுக்கு அமைதி என்றும் உலகம் என்றும் இரண்டு பொருள். பேத்தி பார்த்த இரண்டு விளக்கமும் இங்கிருந்து வந்தவை. ஆனால் பழைய ருஷ்ய ஏடுகளில் இந்தப் பெயர் 'வொலொதிமேர்' என்று வருகிறது. அந்த 'மே' ஒலிக்குத் தனி எழுத்தே இருந்தது, 'யாத்' என்பார்கள். 'மேர்' என்பது அமைதியும் அல்ல, உலகமும் அல்ல. கோத்திய மொழியில் 'மேர்ஸ்' என்றால் பேர்பெற்ற. பழைய ஐரிஷில் 'மோர்' என்றால் பெரிய. கோத்திய அரசர்களில் வலமிர், தியோதெமிர் என்றெல்லாம் பெயர்கள் உண்டு, அவற்றின் வாலும் இதுதான். ஸ்லாவியர் இந்த வாலைக் கடன் வாங்கினார்களா, இல்லை இரண்டு பக்கமும் ஒரே பாட்டன் சொத்தா என்பதில் மொழியியலாளர்கள் இன்னும் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

'மேர்' வழக்கொழிந்ததும் காதுக்குப் பழகிய 'மிர்' அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இது மிகப் பழைய மாற்றம். 1918க்கு முன் ரஷ்ய எழுத்தில் அமைதிக்கு ஒரு 'இ', உலகத்துக்கு வேறொரு 'இ' என்று பிரித்து எழுதினார்கள். பெயரை எழுதும்போது உலகத்து 'இ'யைப் போட்டார்கள். 'உலகை ஆள்பவன்' என்ற விளக்கம் ஊன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். 1918இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் இரண்டு 'இ'யையும் ஒன்றாக்கி, யாத்தையும் நீக்கிவிட்டது. பிறகு எந்த விளக்கத்தையும் யாரும் சொல்லலாம் என்று ஆகிவிட்டது.

இன்னொன்று. இந்த வகைப் பெயரை வாக்கியம் மாதிரிக் கூட்டிப் படிக்கக்கூடாது. பழைய ஸ்லாவியப் பிரபுக்கள் ஒரு கைப்பிடிச் சொற்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கோத்தார்கள்: விளாதிமிர், விளாதிஸ்லாவ், மிரோஸ்லாவ், திருப்பிப் போட்டால் ஸ்லாவோமிர். நம் பக்கம் முத்து, குமார், ராஜ், செல்வம் என்ற நான்கை வைத்துக்கொண்டு முத்துக்குமார், முத்துராஜ், ராஜமுத்து, செல்வராஜ், செல்வக்குமார் என்று தோட்டம் முழுக்கப் பெயர் வைத்தோமே, அதே கைவேலை. உங்கள் ஊர்ப் பெயரில் மலாய் 'சிப்புட்' இருக்கிறது, நத்தை. அதற்காக அங்கே பஸ் இறங்குகிறவர் யாரும் நத்தையைத் தேடுவதில்லை.

தமிழில் இணை கேட்டால் கோப்பெருஞ்சோழனைச் சொல்வோம். 'கோ'வும் 'பெரு'வும்: ஆட்சி, பெரியது. சோழனை எடுத்துவிட்டால் விளாதிமிர்தான்.

இந்தப் பெயர் உயிரோடு மிஞ்சியதே பெரிய விஷயம். கீவ் நகரை ஆண்ட விளாதிமிர் 988இல் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்குக் கிடைத்த கிறிஸ்தவப் பெயர் வசீலி, அரசன் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல். அதன்பின் தேவாலயம் புனிதர்களின் பெயரைத்தான் குழந்தைக்குச் சூட்டியது. பழைய ஸ்லாவியப் பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. விளாதிமிர் தப்பியதற்குக் காரணம், அந்த அரசரையே புனிதராக்கிவிட்டார்கள், வசீலி என்ற பெயரில் அல்ல, பழைய பெயரிலேயே. அவர் திருநாள் ஜூலை 28. 1015இல் கொல்லப்பட்ட அவருடைய மகன்கள் போரிஸ், கிளேப் இருவருக்கும் அப்படியே. ஞானஸ்நானப் பெயர்கள் ரோமன், தாவீத் என்றாலும் புனிதர்களாக நிலைத்தவை பழைய பெயர்கள்.

கீவ் விளாதிமிருக்கு முன்னாலும் ஒருவர் இருந்தார். பல்கேரியாவை 889 முதல் 893 வரை ஆண்ட விளாதிமிர். பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார் என்று பெற்ற தந்தையே அவரை இறக்கிக் கண்ணைப் பறித்தார். முதல் விளாதிமிர் மதத்தை எதிர்த்துக் கெட்டார், அடுத்தவர் அதே மதத்தைக் கொண்டுவந்து புனிதரானார்.

அப்பா ஆசைப்படுகிறார், சரி. ஆனால் இதைத் தமிழில் எப்படி எழுதுவது? ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். பதிவில் எப்படிக் கொடுப்பது? பையன் ரோகிணி நட்சத்திரம்.
(அந்தத் தாத்தாவின் மகள்)

ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது, அதனால் ரஷ்யர்கள் 'வ்ள' என்று தொடங்குவதை நாம் 'விளா' என்று தொடங்குகிறோம். நட்சத்திர எழுத்து தானாக அமைந்துவிட்டது, அம்மா. ஜோசியர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அடுத்தது 'டி'யா 'தி'யா. ரஷ்ய 'த' பல்லில் நாக்குப் படும் ஒலி, நம் 'த'வுக்குப் பக்கம். தஸ்தயேவ்ஸ்கியை நாம் 'த' போட்டுத்தானே எழுதுகிறோம். 'டி' வந்தது ஆங்கிலம் வழியாக. அழுத்தம் இரண்டாம் அசையில் விழும், அதனால் ரஷ்யர் வாயில் 'விள-தீ-மிர்' என்று கேட்கும். முதல் அசை குட்டை, நடு அசை நெட்டை.

ஆனால் ஒலி மட்டும் பார்த்து முடிவு செய்துவிட வேண்டாம். 'விளாதிமிர்' என்று எழுதிப் பாருங்கள். கடைசி மூன்று எழுத்தை மட்டும் கையால் மறைக்காமல் விடுங்கள்: திமிர். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்கும் முதல் நாளே பின்வரிசை கண்டுபிடித்துவிடும். முன்பாதியும் லேசுப்பட்டதல்ல, விளாம்பழம். பெரியவர்கள் எழுதிப் பழகிய விளாதிமிர் புத்தகத்தில் இருக்கட்டும். பிள்ளைக்கு 'விளாதீமிர்' என்று நெடில் போட்டு எழுதுங்கள். உச்சரிப்புக்கும் அதுவே நெருக்கம், திமிரும் ஒளிந்துகொள்ளும். விளாம்பழத்துக்கு எங்களிடம் மருந்து இல்லை.

பதிவில் ரோமன் எழுத்துதான் நிற்கும். வி, எல், ஏ, டி, ஐ, எம், ஐ, ஆர். எட்டே எழுத்து, கூட்டல் குறைத்தல் வேண்டாம். நம் வழக்கப்படி 'த' வருகிற இடத்தில் ஒரு எச் சேர்ப்போம், நெடிலுக்கு இரட்டை ஏ போடுவோம். இந்தப் பெயருக்கு இரண்டும் கூடாது. வெளிநாட்டில் எவரும் தேடினால் கிடைக்கிற எழுத்துக்கூட்டை நாமே கெடுத்துக்கொண்டதாகும்.

தீபகற்ப மலேசியாவில் பிறந்த 60 நாளுக்குள் பதிய வேண்டும். பாரத்தில் பெயரைப் பெரிய எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி தெரியும்படி எழுதுங்கள். எல்லும் ஐயும் கையெழுத்தில் ஒன்று மற்றொன்றாகத் தெரியும். தட்டச்சில் வீ டபிள்யூ ஆகிவிடுவதும் உண்டு. ஜெர்மன்காரர் டபிள்யூ போட்டு எழுதும் வழக்கம் இருப்பதால், அப்படி விழுந்துவிட்டால் அதுவும் ஒரு பெயராகவே நின்றுவிடும், தவறு என்று காட்டுவது கஷ்டம். சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள், அப்பா பெயரையும் சேர்த்து. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அது திருத்த விண்ணப்பம், இன்னொரு வேலைநாள், இன்னொரு பஸ்.

கெட்ட பொருள் தரும் பெயரைப் பதிவுத்துறை மறுக்கலாம். இந்தப் பெயருக்கு அந்தத் தொல்லை இல்லை. கேட்டால் 'ஆட்சியில் பேர்பெற்றவன்' என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

எண் கணிதம் பார்த்தோம். 22, கூட்டினால் 4, ஆகாது என்கிறார். ஒரு 'ஈ' சேர்த்தால் 27, அதாவது 9 வருமாம். சேர்க்கலாமா?
(பையனின் சித்தப்பா)

அவர் கணக்குச் சரி. வி 6, எல் 3, ஏ 1, டி 4, ஐ 1, எம் 4, ஐ 1, ஆர் 2, மொத்தம் 22. ஈ-க்கு 5. ஆனால் அந்த 'ஈ'யை எங்கே சொருகுவீர்கள்? டிக்குப் பின்னால் போட்டால் 'விளாதெயிமிர்'. எம்முக்குப் பின்னால் போட்டால் 'விளாதிமெயிர்'. கடைசியில் போட்டால் பிரெஞ்சுக்காரப் பெண் மாதிரி இருக்கும். எண் முக்கியம் என்றால் அப்பா பெயரின் தலையெழுத்தையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். பெயரைத் தொடாதீர்கள்.

செய்தியில் உக்ரைன் அதிபர் வொலோதிமிர், ரஷ்ய அதிபர் விளாதிமிர். இரண்டும் ஒரே பெயர் என்று சார் சொன்னார். எப்படி?
(இடைநிலைப்பள்ளி மாணவி)

ஒரே பெயர்தான், மகளே. மூலம் 'வொல்த்' என்ற வேர். நடுவில் 'ஒல்' என்று மூடிய ஒலி இருப்பது பழைய ஸ்லாவியருக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள். கிழக்கே இன்னொரு உயிரைச் சேர்த்து 'வொலொத்' ஆக்கினார்கள். தெற்கே இடம் மாற்றி 'விளத்' ஆக்கினார்கள். போலந்தில் இடம் மாற்றி, ஒகரத்தை வைத்துக்கொண்டு 'வுவொத்' என்கிறார்கள், அவர்களுடைய வடிவம் 'வுவொஜிமியெஷ்' என்று ஒலிக்கும். பெலாரஸில் 'உலாஜிமிர்'.

ஊர்ப் பெயர்களிலும் இதே கதை. நகரத்துக்குக் கிழக்கில் 'கொரத்', தெற்கில் 'கிராத்'. ஒரு பக்கம் நொவ்கொரத், இன்னொரு பக்கம் பெல்கிரேட்.

அப்படியானால் ரஷ்யாவும் கிழக்குதானே, அங்கே ஏன் 'விளத்' என்று கேட்பாய். தேவாலய மொழி தெற்கிலிருந்து, பல்கேரியப் பக்கத்திலிருந்து வந்தது. வேதப் புத்தகத்தோடு அதன் ஒலியும் வந்தது. பத்திரத்தில் தேவாலய வடிவம் ஏறியது. உக்ரைனியர் வீட்டு வடிவத்தையே பத்திரத்திலும் வைத்துக்கொண்டார்கள். நமக்குப் புரியாத விஷயம் இல்லை: கிருஷ்ணன், கண்ணன். ஒரே சொல்தான், ஒன்று வடமொழி வடிவிலேயே வந்தது, மற்றது பிராகிருதத்தில் உருண்டு தேய்ந்து நம் வாய்க்கு வந்தது. கோயில் பத்திரிகையில் கிருஷ்ண ஜெயந்தி, தொட்டிலில் கண்ணா. அந்தக் கண்ணனும் ரோகிணி என்பதை உங்கள் தாமான் தாத்தாவிடம் சொல்.

செய்தித்தாளில் எழுதும்போது அவரவர் நாட்டு வடிவத்தை எழுதுவதே முறை. உக்ரைனியரை விளாதிமிர் என்று எழுதினால், இன்றைய நிலைமையில் அதை எழுத்துப் பிழையாக மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

விளாதிமிரைச் செல்லமாக எப்படிக் கூப்பிடுவார்கள்? பையனை 'விளாத்' என்று கூப்பிடலாமா?
(பக்கத்து வீட்டு அத்தை)

வலோத்யா, வோவா, வோவ்கா, வோவச்கா. 'வலோத்யா' மேலே சொன்ன பழைய வீட்டு வடிவத்திலிருந்து பிறந்தது. பத்திரத்தில் விளாதிமிர் என்று மாறிய பிறகும் அம்மாக்கள் வாயில் பழையதே தங்கிவிட்டது. எழுத்தில் அது வொலொத்யா. ஆனால் ரஷ்யர் அழுத்தம் இல்லாத ஒகரத்தை அகரமாகத்தான் சொல்வார்கள். தஸ்தயேவ்ஸ்கிக்கும் அப்படித்தான் முன்னால் 'தஸ்' வந்தது.

'விளாத்' என்றால் ரஷ்யர் காதில் பெரும்பாலும் விளாதிஸ்லாவ், வேறு பெயர். இங்கே கூப்பிடத் தடையில்லை, அங்கே போனால் குழப்பம். வோவா நல்ல தேர்வு, நம் வாய்க்கும் வரும், திடலுக்கு அந்தப் பக்கம் பந்து உருட்டுகிற பையனுக்கும் கேட்கும். வோவச்கா என்று மட்டும் வேண்டாம். ரஷ்ய நகைச்சுவைத் துணுக்குகளில் வகுப்பில் வாத்தியாரை மடக்குகிற விஷமக்காரப் பையன் பெயர் அது.

மலாய்க்காரத் தோழி 'மிர்' என்பது 'அமீர்' தானே என்று கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அமீர் அரபுச் சொல், கட்டளையிடுகிறவர். அதன் குறுக்கம் 'மீர்'. ஒலி ஒன்று, ஊர் வேறு.

மகள் மருத்துவம் படிக்க ரஷ்யா போகிறாள். அங்கே பாரத்தில் பெயருக்கு மூன்று கட்டம் இருக்கிறதாம். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயரே இல்லையே, என்ன செய்வது?
(செம்பனைத் தோட்டத்துக் கிராணி ஒருவர்)

குர்ஸ்க் போன்ற ஊர்களுக்கு நம் பிள்ளைகள் போய் வருவதால் இது எல்லாருக்கும் உதவும், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

மூன்று கட்டம்: குடும்பப் பெயர், சொந்தப் பெயர், தந்தைவழிப் பெயர். மூன்றாவதைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம், அது நம் அனாக் லெலாக்கி (மகன்), அனாக் பெரெம்புவான் (மகள்) மாதிரிதான். நாம் ஏ/எல், ஏ/பி என்று சாய்கோடு போட்டு அப்பா பெயரைத் தனியே எழுதுகிறோம். அவர்கள் அப்பா பெயருக்கு வால் ஒட்டுகிறார்கள். மெய்யில் முடியும் பெயருக்கு மகன் என்றால் 'ஓவிச்', மகள் என்றால் 'ஓவ்னா'. விளாதிமிரின் மகன் விளாதிமிரோவிச், மகள் விளாதிமிரோவ்னா. நிக்கொலாய், செர்கேய் மாதிரி யகரத்தில் முடிந்தால் 'யெவிச்', 'யெவ்னா'. இல்யா மாதிரி ஆகாரத்தில் முடிந்தால் வெறும் 'இச்', அப்படி வந்ததுதான் இலியீச். அந்தக் கணக்கில் நம் முருகனின் மகள் முருகனோவ்னா.

ஆனால் அப்படி எதுவும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டவருக்கு மூன்றாவது கட்டம் காலியாகவோ கோடு போட்டோ இருக்கலாம். நீங்களாக வால் ஒட்டினால் கடப்பிதழில் இல்லாத பெயர் ஒன்று ரஷ்யத் தாளில் பிறந்துவிடும்.

உண்மையான சிக்கல் மொழிபெயர்ப்பில். கடப்பிதழையும் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வுச் சான்றிதழையும் ரஷ்யனில் பெயர்த்து நோட்டரி முத்திரை வாங்குவார்கள். மலேசியக் கடப்பிதழில் முழுப் பெயரும் ஒரே வரியில் நிற்பதால் எது குடும்பப் பெயர் என்று மொழிபெயர்ப்பாளர் ஊகிப்பார். ஒருவர் ஏ/பி-யை அப்படியே வைப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். ஹகரத்துக்கு ரஷ்யனில் நேர் எழுத்து கிடையாது. பழைய வழக்கில் 'க' போடுவார்கள், ஹாம்லெட் அங்கே கம்லெத். இப்போது தொண்டையை உரசும் வேறொரு எழுத்தைப் போடுகிறார்கள். ஆகவே ஹரிணி ஒரு தாளில் கரிணியாகவும் மறு தாளில் வேறாகவும் நிற்கலாம். தங்கம் என்று தொடங்கும் பெயரில் நாம் ரோமனில் போடும் எச்சையும் விடாமல் எழுத்தாக்கி 'த்ஹங்கம்' என்று எழுதுகிறவர் உண்டு. இரண்டு தாளில் இரண்டு விதம் இருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்கும் வேலை மகள் தலையில் விழும்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். முதல் மொழிபெயர்ப்பு வந்ததும் பெயர் வரியை மட்டும் பெரிதாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த எந்தத் தாளைப் பெயர்க்கக் கொடுத்தாலும் அந்த நகலையும் சேர்த்துக் கொடுத்து, எழுத்து மாறாமல் இதையே எழுதச் சொல்லுங்கள். நோட்டரி முத்திரைக்கு முன்னால் மகளே ஒப்பிடட்டும். ரஷ்ய எழுத்து 33தான், ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

கூப்பிடும் முறையையும் சொல்லி அனுப்புங்கள். பேராசிரியரை, டாக்டரைச் சொந்தப் பெயரும் தந்தைவழிப் பெயரும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும்: விளாதிமிர் நிக்கொலாயெவிச். அதுவே ஐயாவும் சாரும். வெறும் விளாதிமிர் என்றால் தோள்மேல் கை போட்டது மாதிரி. வோவா என்றால் பாடம் முடிந்தது. நீ, நீங்கள் வித்தியாசமும் அங்கே உண்டு: 'தி', 'வி'. யாரிடம் எது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, இங்கிலீஷ்காரருக்குத்தான் திணறல்.

லெனின், ஸ்டாலின், கார்க்கி என்று நம் ஆட்கள் வைக்கிறார்களே, அவையும் ரஷ்யப் பெயர்கள்தானே? விளாதிமிருக்குப் பதில் அதில் ஒன்றை வைத்தால் என்ன?
(ஒரு வாசகர், அதே தாமான்)

மூன்றும் புனைபெயர்கள். ரஷ்யாவில் பிள்ளைக்குச் சூட்டும் பெயர்களே அல்ல. லெனின் என்பவர் விளாதிமிர் இலியீச் உல்யானவ். லெனின் என்பது லேனா ஆற்றின் பெயரிலிருந்து என்பது பரவலான விளக்கம். ஸ்டாலின் 'ஸ்தால்' என்ற எஃகிலிருந்து. அவருடைய ஜார்ஜிய குடும்பப் பெயர் ஜுகாஷ்விலி, அதில் வரும் 'ஷ்விலி'க்கும் பிள்ளை என்றுதான் பொருள். கார்க்கி என்றால் கசப்பு, அலெக்சேய் மக்சீமவிச் பெஷ்கவ் தனக்குத் தானே வைத்துக்கொண்டது. பிள்ளைக்குக் கசப்பு என்று தமிழில் வைப்போமா?

தமிழ்நாட்டில் இவை சொந்தப் பெயர்களாகிவிட்டன, அதுவும் ஒரு வாழ்வுதான். மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1, சோவியத் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. அந்த வாரத்தில் வைத்த பெயர். ரஷ்யர்களும் சும்மா இருக்கவில்லை. விளாதிமிரையும் லெனினையும் ஒட்டி விளாதிலென் என்று பையன்களுக்கு வைத்தார்கள். லெனினை எழுத்துத் திருப்பி நினெல் என்று பெண் குழந்தைகளுக்கு வைத்தார்கள். தாத்தாவின் தேர்வு இவை எல்லாவற்றையும்விட ஆயிரம் வருஷம் மூத்தது. அதையே வைக்கலாம்.

இவான், போரிஸ், யூரி இவற்றில் அசல் ஸ்லாவியப் பெயர் எது?
(ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

கேட்ட மூன்றில் இரண்டு நிச்சயமாக இல்லை. இவான் எபிரேய யோகானான், நம் யோவான். யூரி கிரேக்க ஜார்ஜின் ரஷ்ய வடிவம், பொருள் உழவன். விண்வெளிக்கு முதலில் போனவர் பெயர் உழவன். 2007இல் நம் ஷேக் முஸாஃபரை ஏற்றிச் சென்ற சோயுஸ் கலத்தில் கூடப் போனவரும் ஒரு யூரி, யூரி மலென்சென்கோ. போரிஸின் வேர் இன்னும் தீராத வழக்கு. நிக்கொலாய், அலெக்சாந்தர், திமித்ரி கிரேக்கம். செர்கேய் ரோமானியக் குலப்பெயர். ஈகரும் ஒலேகும் வடக்கத்திப் படகுவீரர்களின் இங்வாரும் ஹெல்கியும்.

அசல் சரக்கு 'ஸ்லாவ்' என்று முடிபவை. யாரஸ்லாவ், ஸ்வ்யதஸ்லாவ், ஸ்தனிஸ்லாவ். ரஷ்யர் கடைசி வகரத்தை 'ஃப்' என்பார்கள், ஸ்லாஃப். புகழ் என்று பொருள், ஆனால் வேர் 'கேட்டல்'. நாலு பேர் காதில் விழுவதே புகழ். வடமொழி சிரவணம் இதற்கு நெருங்கிய உறவு, நம் திருவோணமும் அங்கிருந்து வந்ததுதான். போக்தன் என்று ஒன்று உண்டு, கடவுள் கொடுத்தவன். 'போக்'குக்கு வடமொழியில் உறவு பகன். வகுப்பில் பகவானைச் சொல்லித்தரும்போது ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

விளாத் என்றால் டிராகுலா என்கிறான் என் நண்பன். உண்மையா?
(ஐந்தாம் ஆண்டு மாணவன்)

பாதி உண்மை, தம்பி. இன்றைய ருமேனியாவின் தெற்கில் உள்ள வலாக்கியாவை 1456 முதல் 1462 வரை ஆண்ட மூன்றாம் விளாத் நிஜ மனிதர். அவர் பெயர் ஸ்லாவியரிடமிருந்து ருமேனியருக்குப் போனது, அதே ஆட்சி வேர். அவருடைய அப்பாவும் ஒரு விளாத். 1431இல் டிராகன் சபை என்ற வீரர் அமைப்பில் சேர்ந்ததால் அப்பாவுக்கு டிராகுல் என்று பட்டம். டிராகுலா என்றால் டிராகுலின் பையன். உன் மைகிட் அடையாள அட்டையில் உன் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் இருக்கும், பார். ரத்தம் குடிக்கிறது பிறகு கதை எழுதினவர் சேர்த்தது.

பேரனுக்குப் பெயர் வைத்தால் ஊரில் யாருக்கும் தெரியாத பெயராக இருக்கும் என்கிறார் சம்பந்தி. தெரிந்த ஒரு விளாதிமிரைச் சொல்லுங்கள், ஆனால் அரசியல்வாதி வேண்டாம்.
(மீண்டும் தாத்தா)

டென்மார்க் அரசர் முதலாம் வால்டெமாரைச் சொல்லலாம். 1131இல் பிறந்தவர். தாய்வழிப் பூட்டன் கீவ் அரசர் விளாதிமிர் மனமாகின் பெயரை அவருக்கு வைத்து, டேனிஷ் வாய்க்கு வளைத்துக்கொண்டார்கள். பூட்டன் பெயர் வைக்கும் வழக்கம் சம்பந்திக்கும் பிடிக்கும். ஆனால் அரசர் என்றால் அவர் அரசியல்தான் என்பார்.

அப்படியானால் விளாதிமிர் கெப்பன். 1846இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த ஜெர்மானியர், டபிள்யூ போட்டு எழுதினவர். உலகத்துத் தட்பவெப்பத்தை எழுத்துக் குறியிட்டு வகைப்படுத்தினார். ஆறாம் படிவப் புவியியல் படிக்கிற பிள்ளைகள் அவர் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். உங்கள் ஊருக்கு அவர் குறி ஏ.எஃப். ஆகக் குளிர்ந்த மாதத்திலும் சராசரி 18 பாகைக்குக் கீழே இறங்காது, ஆகக் காய்ந்த மாதத்திலும் 60 மில்லிமீட்டர் மழையாவது விழும். மங்கில் ரப்பர்ப் பாலோடு மழைத்தண்ணீர் கலந்து வெட்டுக் கெட்ட காலைகளை உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தியிடம் மழை பிடித்ததும் சொல்லுங்கள்.